பக்கம் திரும்பும் இடத்தில்

ரியூனியன் தீவில், சேன் லூயி சர்க்கரை ஆலையில்
டர்பைன் பழுது பார்க்க
நான்கு மாதம் என்று அனுப்பினார்கள்.
விடிகாலை ஷிஃப்டுக்கு என்னை ஏற்றிப்போனவன்
ஜெர்மேன் வெலாயுதோன்.
கரும்பு லாரி. இருபத்தெட்டு டன்.
முன்கண்ணாடியில் மாரியம்மனும் கன்னி மேரியும்
ஒரே நூலில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
அவன் வாயில் கிரியோல்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக
பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்,
அதில் ஐந்து வசவு.

மூன்றாம் நாள் பாடினான்,
கியர் மாற்றுகிற இடைவெளிகளில்,
சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.
சாமிப்பாட்டு என்பது குரலில் தெரிந்தது.
ஒரு சொல் புரியவில்லை.
எந்த ஊர்ப் பாஷையோ என்றிருந்தேன்.
"தமூல்" என்றான்,
தன் நெஞ்சைத் தொட்டு,
அப்புறம் என் நெஞ்சைத் தொட்டு.
வெட்கமாகப் போய்விட்டது எனக்கு.

டாஷ்போர்டைத் திறந்து ஒரு நோட்டு கொடுத்தான்.
பிரெஞ்சு எழுத்தில் பாட்டு.
யாரோ எழுதியதைப் பார்த்து யாரோ எழுதி
அதைப் பார்த்து இவன் எழுதியது.
ழகரம் கப்பலே ஏறவில்லை போலும்.
றகரம் ஏறி, நடுக்கடலில் இளகியிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கொதிகலன் சுவரோரம் உட்கார்ந்து
உரக்கப் படித்தேன்.
வேகமாக. பிறகு எழுத்தெழுத்தாக.
எண்ணெய்க் கையைத் துடைக்க மறந்து.
ஐந்தாவது தடவையில்
கடவூ என்பது கதவு என்றது.
அதன்பின் மற்றதெல்லாம்
தானே வந்து நின்றன:

கதவு திற தாயே
காலில் முள்ளோடு வந்திருக்கிறேன்.

அவ்வளவுதான் பாட்டு.
மீதி பதினோரு பக்கமும் இதையே
வேறு வேறு பெயர் சொல்லிக் கேட்பது.

இதை எப்படிச் சொல்வது அவனுக்கு?
லாரிக் கதவைத் தட்டினேன்.
ஷூவைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினேன்.
குத்துவதுபோல் விரலால் காட்டி, முகத்தைச் சுளித்து,
நொண்டி நொண்டி லாரியைச் சுற்றி வந்து
மறுபடி தட்டினேன்.
சிரித்துக்கொண்டே பார்த்தவன்
பாதியில் சிரிப்பை விட்டான்.
ஸ்டியரிங்கில் கை வைத்து வெகுநேரம் இருந்தான்.
பிறகு உதட்டின்மேல் விரல் வைத்தான்:
மற்றவர்களுக்கு வேண்டாம்.

ஏன் என்று கேட்க
எங்கள் பன்னிரண்டில் சொல் இல்லை.

வெட்டு முடிந்த டிசம்பரில் தீமிதி.
சவுக்குக் கட்டை எரிந்து குழி சிவந்து கிடந்தது.
முந்நூறு பேர், மஞ்சள் துணி,
கையில் கையில் அதே நோட்டின் பிரதிகள்.
நானும் வரிசையில் நின்றேன்,
தமிழன் என்ற மிதப்போடு.
பறை ஏறியது. பாடினோம்.
கதவு திற தாயே என்று
என் குரல் மட்டும் முன்னே ஓடி
படி இல்லாத இடத்தில் கால் வைத்தவன்போல்
தனியே தொங்கியது.
பறைக்காரர் ஒரு பார்வை பார்த்தார்.

ஏனென்றால் அவர்கள் நிறுத்துவது வேறிடம்.
நோட்டில் ஒரு பக்கம் முடிவது
தா என்ற எழுத்தில்.
அங்கே எல்லோரும் மூச்சு வாங்குகிறார்கள்.
முந்நூறு தாள் ஒன்றாய்ப் புரளும் சத்தம்.
அப்புறம்தான் யே.

கதவு திற, தா
என்று நின்றது கூட்டம்.
தெரியாமல், தெளிவான தமிழில்,
என்ன வேண்டுமென்றுகூடச் சொல்லாமல்
தா.
அடுத்த பக்கத்திலிருந்து
யே என்று எழும்பியது
முள் இன்னும் ஆழமாய் இறங்கினவர் குரல்.

ஜெர்மேன் என் பக்கம் திரும்பவில்லை.
குழியை நோக்கி நடந்தான்,
வலது காலை லேசாக நொண்டி.

திருத்தித் தருகிறேன் என்று வாங்கி வைத்திருந்தேன்
அவன் நோட்டை.
பேனாவும் சட்டைப்பையில் இருந்தது.
மறுநாள் காலை அப்படியே கொடுத்துவிட்டேன்.
நாலாம் பக்க ஓரத்தில் மட்டும்
என் கட்டைவிரலின் எண்ணெய்க் கறை,
வரிக்கு மிக அருகில்.
அடுத்துப் பிரதி எடுக்கிறவர்
அதை எந்த எழுத்தென்று படிப்பாரோ,
எங்கே மூச்சு வாங்குவாரோ.