கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்

பரமட்டா நூலகத்தின் மேல்மாடியில்
சனி காலை ஒன்பது மணிக்கு
ஒட்டுத்தாளையும் பேனாவையும் நீட்டி
"உங்களை எப்படிக் கூப்பிட?" என்றாள் ஒருத்தி.
சுருக்கட்டுமா என்று கேட்கவில்லை.
நான்தான் திகைத்துப்போய்
பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினொரு வருடமாக இந்த நாட்டில்
என் பேர் அப்பாவின் பேர்.
படிவத்தில் இரண்டாவது கட்டம் வெறுமையாய் இருக்கக்கூடாது,
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
ஆகவே அவரை அதற்குள் இருத்தினேன்.
சாவகச்சேரியில் சைக்கிள் திருத்தியவர்,
கடல் கடக்காமலே செத்தவர்,
டூங்காபி வைத்தியரின் வரவேற்பறையில்
"மிஸ் விசுவலிங்கம்" என்றதும்
மாதம் ஒருமுறை எழுந்து நிற்கிறார்
என் கால்களால்.

நான் கணினி படித்தவள், பேருக்கு.
இரண்டாம் ஆண்டோடு அது நின்றது.
இப்போது முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
ஹேக்கத்தான் அறிவித்தலில்
"அனுபவம் தேவையில்லை" என்று பெரிதாய்ப் போட்டிருந்தார்கள்.
அதை யார் நம்புவது?
கீழே சின்ன எழுத்தில்
பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளுண்டு என்றிருந்தது.
அதை நம்பி வந்தேன்.

எங்கள் மேசையில் நாலு பேர்.
பிளாக்டவுனிலிருந்து அச்சோல்:
"நானும் நாலு சகோதரங்களும்
ஒரே நாளில் பிறந்தோம், ஜனவரி ஒன்றாம் திகதி,
முகாமில் எழுதியவருக்கு அவசரம்."
வுலாந்தாரிக்கு ஒரே பேர்,
கடவுச்சீட்டில் அது இரண்டு தரம்,
தன்னைத் தானே கல்யாணம் செய்தவள் போல.
டெக்லனுக்குக் காது கேளாது.
அவனருகே சைகை மொழிபெயர்ப்பாளர்,
கறுப்புச் சட்டை, ஓயாத கைகள்.

சிரித்துச் சிரித்து
எங்கள் திட்டம் அதுவாகிப் போனது:
ஆளைத் திருத்தாத ஒரு படிவம்.

"அந்த ஒரு சொல்லை எடுத்தால் போதும்"
என்று நான் முணுமுணுத்தேன், மேசைக்குத்தான்.
மொழிபெயர்ப்பாளரின் கைகளுக்கு
முணுமுணுக்கத் தெரியாது.
என் வசனம் காற்றில் அகலமாய் எழும்பிற்று.
பக்கத்து மேசைகூடத் திரும்பிப் பார்த்தது.
டெக்லன் மடிக்கணினியை
என் பக்கம் தள்ளினான்.

பத்தொன்பது வருடம்.
விரல்களுக்கு அரைப்புள்ளி எங்கேயென்று தெரியவில்லை.
பிறகு தெரிந்தது.
சொல்லை எடுத்தேன்.
முப்பத்தொரு இடத்தில் சிவப்பு வந்தது.
"நல்லது" என்றாள் அச்சோல், கதிரையை இழுத்துப் போட்டு,
"இப்போதுதான் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிகிறது."

இரவு ஒன்பதுக்கு ஏழு மிச்சம்.
பஞ்சுமூட்டை இருக்கையில் சின்னவன் நித்திரை,
வாயோரத்தில் பீட்சாச் சாறு.

ஞாயிறு, மேடையில் மூன்று நிமிடம்.
முதல் நிமிடத்திலேயே திரை உறைந்தது.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
ஒலிவாங்கி என் கையில் இருந்தது, ஏனென்று தெரியாது.
அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.
சைக்கிளையும் வரவேற்பறையையும் சொன்னேன்.
ஆங்கிலம் இரண்டு இடத்தில் உடைந்தது,
ஒட்டிக்கொண்டு போனேன்.

பரிசு காட்டுத்தீ எச்சரிக்கை செய்த பெடியளுக்கு.
எங்களுக்கு ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல்.

புறப்படும்போது டெக்லன் மறித்தான்.
இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து
முழங்கை வரை சறுக்கினான்.
"அது நீங்கள்" என்றார் மொழிபெயர்ப்பாளர்,
"தட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு தரமும்
சட்டைக் கையை மேலே இழுக்கிறீர்களாம்.
அவன் உங்களுக்கு வைத்த பேர்."
ரயிலில் ஆரும் பார்க்காதபோது
இரண்டு தரம் செய்து பார்த்தேன்.

செவ்வாய், டூங்காபி.
"மிஸ் விசுவலிங்கம்?"
"அவர் வரவில்லை" என்றேன்,
"தவரஞ்சினி வந்திருக்கிறேன்."

அந்தப் பிள்ளை தட்டிப் பார்த்தாள்.
திரை ஏற்கவில்லை, அதே நட்சத்திரம்.
"மன்னியுங்கள், இது விடுகுதில்லை."
"உங்களில் பிழையில்லை" என்றேன்
சட்டைக் கையை மேலே இழுத்தபடி,
"இதைச் செய்தவர்களுடைய
தொலைபேசி எண் இருக்குதா?"