தாமதத்துக்கான காரணம்

எட்டு ஐம்பத்திரண்டு வண்டி
கிங்ஹார்னை விட்டு வளைந்ததும் கடல்
சன்னலுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும்.
இடையில் ஒரு கற்சுவர், கொஞ்சம் பாசி, அவ்வளவுதான்.

டிக்கெட் பார்ப்பது என் வேலை.
ஆறு வருஷத்தில் இந்தக் கடலை
ஒழுங்காக ஒரு நிமிஷம் பார்த்ததில்லை.
என் முகம் எப்போதும் பயணிகள் பக்கம்,
மிச்சக் கண் கதவுப் பக்கம்.

போன திங்கள் பெட்டிகர் மேட்டில்
தொலைநோக்கியோடு நாலு பேர்.
செவ்வாய் பதினொன்று.
வியாழன், மழையிலும், எண்ணுவதற்குள் வண்டி கடந்துவிட்டது.

கூன்முதுகுத் திமிங்கலமாம்.
வடக்கே பனிக்கடலில் தின்று கொழுத்து
தெற்கே வெதுவெதுப்பில் ஈனவும் பாடவும் போகிற வழியில்
நெத்தலிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் போன்ற
ஏதோ பொடிமீன் கூட்டத்தின் பின்னால்
இந்த முகத்துவாரத்துக்குள் திரும்பிவிட்டதாம்.

நடுவழியில் இறங்க எங்கள் விதியிலும் இடமுண்டு,
அன்றைக்கே பயணத்தைத் தொடர வேண்டும்.
இதற்கு அன்று பன்னிரண்டாம் நாள்.

மூன்றாம் பெட்டி ரின்டூல்
வங்கிக்குப் போகிறவர், வணக்கம்கூடச் சொல்லாதவர்,
போனை நீட்டினார்: வாலின் அடிப்புறம்.
வெள்ளையில் கறுப்பு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாம்.
இதற்கு ஓரத்தில் அரைவட்டமாய் ஒரு வெட்டு.
'நான் துளைத்த டிக்கெட் மாதிரி' என்றேன்.
'இப்போது யார் துளைக்கிறார்கள்' என்றார்.
அதுவும் சரி.

வெள்ளிக்கிழமை
காலாவதியான மாணவர் அட்டையோடு ஒரு பெண்.
தேதியைக் காட்டக் குனிந்தேன்.
அவள் தோளுக்கு மேல்
கடல் மூச்சு விட்டது.

வெள்ளையாய் நின்றது அந்த மூச்சு
குளிரில் நாம் விடுவது போலவே,
ஒரு வீட்டு உயரத்துக்கு.
பிறகு முதுகு.
பிறகும் முதுகு.
ஒரு முதுகு இவ்வளவு நேரமா முடியாமல் இருக்கும்?

ஒலிவாங்கி எப்படிக் கைக்கு வந்ததோ தெரியாது.
'அந்தா! அங்க பாருங்கோ! இடப்பக்கம், இடப்பக்கம்!'
நாலு பெட்டிக்கும் கேட்டது.
தமிழில்.

யாரும் என்ன மொழி என்று கேட்கவில்லை.
எல்லோரும் எழுந்து இடப்பக்கம் வந்தார்கள்.
வண்டி சாய்ந்ததென்றே சத்தியம் செய்வேன்.
முன்னால் டூகலுக்கும் கேட்டிருக்கிறது,
வேகம் குறைந்தது, குறைந்தது,
நடக்கிற வேகம்.

வால் எழுந்தது.
நீர் ஒழுகி முடிக்கும்வரை நின்றது.
அவசரமில்லாமல் போனது.
மாணவப் பெண் என் கையைப் பிடித்திருந்தாள்,
அந்த அட்டையோடு சேர்த்து.

எடின்பரோவில் கேட்டார்கள்:
மூன்று நிமிடத் தாமதம், காரணம்?
படிவத்தில் இலைச்சருகுக்கு எண் உண்டு,
பனிக்கு, ஆட்டுக்கு, அன்னத்துக்கு உண்டு.
டூகல் என்னைப் பார்த்தான். நான் பேனாவைப் பார்த்தேன்.
'பயணிகள் இடம் மாறியதால்' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

சனி எனக்கு விடுமுறை.
பிளாஸ்க்கும் பிஸ்கட்டுமாய்ப் பெட்டிகர் மேட்டில் நின்றேன்,
இந்த முறை பார்ப்பதற்கென்றே.
திமியை விழுங்குவது திமிங்கிலம்,
அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம்.
பள்ளியில் படித்தபோது சிரித்திருக்கிறோம்.
பத்து மணிக்கு வந்தது மூடுபனி.
முதலில் எண்ணெய்க் கப்பல், பிறகு தீவு, தீவின் விளக்கு,
கடைசியில் என் பக்கத்தில் நின்றவரின் தொப்பி.
உள்ளே எங்கோ
ஒருமுறை, பெரிதாய், யாரோ மூச்சு விட்டார்கள்.
அழுகிய மீன் வாடை வந்தது.
மூன்று மணிநேரத்துக்கு அதுதான் கிடைத்தது.
பிஸ்கட்டைப் பகிர்ந்துகொண்டோம்.

பிப்ரவரியில் போய்விட்டது.
எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது,
காணாத நாட்களைப் பிற்பாடுதானே எண்ணுகிறோம்.
ஆனாலும் கிங்ஹார்ன் வளைவில் பேச்சு நிற்கிறது.
ரின்டூல் செய்தித்தாளை மடிக்கிறார்.

முனையத்தில் வண்டி திரும்புவதில்லை,
ஓட்டுநர்தான் அந்தக் கோடிக்கு நடக்கிறான்.
போகையில் இடம், வருகையில் வலம்,
கடலுக்கு எப்போதும் அதே கண்ணாடி.
துடைக்கிற ஒலேனா வாளியைக் கீழே வைத்துக் கேட்கிறாள்:
ஒரு பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு அழுக்கு?

நெற்றிகள், என்றேன்.