இரண்டு பென்சில் பேட்டரி

கைப்பேசியே போதும் என்றார்கள்.
கூலாய்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள்
நண்பகல் வெயிலில் அது
சூடாகிவிட்டேன் ஆறவிடு என்று எழுதிக்காட்டிக்
கண்ணை மூடிக்கொண்ட அன்று
நானும் நூர்ஹயாத்தியும்
ஒரே வாய்க்காலை நான்கு முறை கடந்தோம்.
ஐந்தாவது முறை
குலை வெட்டிக்கொண்டிருந்தவர்
சிரிப்பை நிறுத்திவிட்டு வழி சொன்னார்.

சிம் லிம் சதுக்கத்துக் கடைக்காரர்
தொடுதிரைக் கருவி ஒன்றை நீட்டினார்.
கையுறையோடு தொட்டேன், அசையவில்லை.
கழற்றிவிட்டுத் தொடச் சொன்னார்.
மழையில்?
மழையில் யார் ஓட்டுவார்கள் என்றார்.
காரில் வருகிறவர் போலிருக்கிறது.

நான் ஓட்டுவேன்.
வலுத்தால் விரைவுச்சாலை மேம்பாலத்தின் அடியில்
உணவு விநியோகிக்கும் பையன்களோடு ஒதுங்குவேன்.
அங்கே ஒதுங்கியவர்தான் கோ.
பட்டன் உள்ளதாக வாங்கு என்றார்.
பென்சில் பேட்டரி இரண்டில் ஓடுகிறதா பார்,
தோட்டத்து மளிகைக் கடையிலும் அது கிடைக்கும்.
அரை மணி நேரம் இதையெல்லாம் சொல்லிவிட்டு
என்னிடமே ஒன்று இருக்கிறது என்றார்.
மே மாதத்தோடு வண்டியின் உரிமை முடிகிறதாம்.
புதுப்பிக்கப்போவதில்லையாம்.

புக்கிட் பாத்தோக், புளோக்கின் கீழ்த்தளம்.
கல்மேசைச் சதுரங்கக் கட்டத்தின்மேல் வைத்தார்.
மஞ்சள் ரப்பர் ஓரம் வலப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது,
ஒரு பெருவிரலின் பல வருடம்.
கூரைக்குக் கீழே துணைக்கோள் ஒன்றும் அகப்படவில்லை.
இருவருமாய் அதைக் கையில் ஏந்திக்
கார்நிறுத்தம் வரை நடந்தோம்,
காய்ச்சல் குழந்தையைக் காற்றாடக் கொண்டுபோவதுபோல.

உள்ளே அவர் குறித்துவைத்த புள்ளிகள்:
நாய்.
பாலம் இல்லை.
நல்ல மீ.
விழுந்தேன்.
மறுபடி விழுந்தேன்.
நாய் இப்போது இல்லை.
வெறுமனே பதினான்கு என்று ஒன்று,
மெர்சிங்கிற்கு மேற்கே, கோடே இல்லாத பச்சைக்குள்.

அழித்துத் தரட்டுமா?
வேண்டாம் என்றேன்.
பதினான்கு என்ன என்று கேட்கவில்லை.
அவர் பெட்டியை மூடினார், திறந்தார், மூடினார்.
நூற்று நாற்பது வெள்ளி கேட்டிருந்தவர்
நூற்றிருபது எடுத்துக்கொண்டார்.

வரைபடம்தான் தலைவலி.
காசுக்கு வருவதில் பெட்ரோல் நிலையமெல்லாம் பளிச்,
தோட்டத்து மண்பாதை ஒன்றுகூட இல்லை.
முகம் தெரியாத ஆட்கள் கூடி வரைந்த இலவசத்தில்
மண்பாதை உண்டு,
ஆனால் வரைந்தவருக்குப் பாதியில் பசித்ததோ என்னவோ
சில பாதைகள் ஆற்றின் நடுவில் நிற்கின்றன.
மூன்றாவது,
கோ அதிலேயே விட்டுவைத்த பழையது.

ஞாயிறு ஆறரை மணிக்கு
பழையதை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு
துவாஸ் தென்முனைக்கு விட்டேன்.
எதிரே மண் லாரி. தூரத்தில் பாரந்தூக்கிகள்.
திரையில் திடீரென்று நீலம்.
தீவு முடிந்துவிட்டது என்கிறது.
ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில்
கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறேன்,
எச்சரிக்கை மணிகூட இல்லை,
சின்னக் கறுப்பு அம்பு
கரையைப் பின்னால் விட்டு நேராக.

ஓரங்கட்டி இறங்கி
பூட்ஸால் தரையைத் தட்டினேன்.
தார். அதன் கீழ் மணல்,
எந்த ஊர் மணலோ.
பொய் என்று சொல்ல முடியாது,
கோ இதை ஏற்றிய வருடம் இங்கே மீன் இருந்திருக்கும்.

என் முதல் புள்ளி.
கருவிக்குத் தமிழ் தெரியாது.
பட்டனை மேலும் கீழும் அழுத்தி
ஆங்கில எழுத்து ஐந்தைத் தேடிப் பிடித்துக்
கடல் என்று கோத்தேன்.
சேமிக்கவா என்றது.

பேட்டரி ஒரு கட்டம் இறங்கியிருந்தது.
வரும் சனி சோதனைச்சாவடியில் ஐந்து மணி என்கிறாள் நூர்ஹயாத்தி,
ஐந்தரைக்குத்தான் வருவாள்.
மூன்று வரைபடமும் இருக்கட்டும்.
பதினான்குக்குப் பாதை
மூன்றிலும் இல்லை.