மூன்றேகால்

தர்மசீலனின் அம்மா புதன்கிழமை இறந்தாள்.
எங்களுக்கு வியாழன் காலையில் தெரிந்தது,
ரொட்டிக்கும் தேநீருக்கும் பிறகு
அதிகாரி அவனை மட்டும் வெளியே அழைத்தபோது.
திரும்பி வந்தவன்
சுருட்டிய பாய்மேல் உட்கார்ந்தான்,
பேருந்துக்குக் காத்திருப்பவனைப் போல.

போய்ப் பார்க்கலாம் என்றார்களாம்.
அரைமணி நேரம். காவலோடு. கைவிலங்கோடு.
ஈசூன் புளோக்கின் கீழ்த்தளத்தில்
நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே
அக்காளின் மாமியார் வீட்டாரெல்லாம் பார்த்திருக்க.
வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டான்.
போட்ட பிறகுதான் அழுதான்.

இங்கே என்னைப் பாஸ்டர் என்பார்கள்.
கேலிதான்.
மூன்றாம் முறை உள்ளே வந்தவன்,
சபையில் சாட்சி சொன்ன வாரமே
மறுபடி சரக்கு வாங்கியவன்.
"ஏதாவது சொல்லு பாஸ்டர்" என்றான்.
என்னிடம் இருந்தவையெல்லாம்
செவ்வாய்க்கிழமைத் தொண்டர்கள் விட்டுப்போன வார்த்தைகள்.
நல்ல இடத்தில் இருக்கிறாள்.
ஆண்டவர் சித்தம்.
வாய்வரை வந்தன.
அப்போது விமானம் ஒன்று
சாங்கி ஓடுபாதைக்குத் தாழ்ந்து
கட்டடத்தை உரசுவது போலப் போனது.
நல்லவேளை.

அது போன பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்:
எங்கள் ஆளும் சாவுக்குத் தாமதமாகப் போனவர்தான்.
நண்பனைக் கல்லறையில் வைத்து நாலு நாள்.
நீ இருந்திருந்தால் செத்திருப்பானா என்று
கூடப்பிறந்தவள் முகத்துக்கு நேரே கேட்டாள்.
அவர் அழுதார்.

"பிறகு எழுப்பிவிட்டாரே?"
பள்ளியில் கேட்டிருக்கிறான் போல.
ஆமாம் என்றேன்.
"என் அம்மாவை?"
அதற்கு நான் வாய் திறக்கவில்லை.
தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லியே
பாதி ஆயுளை உள்ளே கழித்திருக்கிறேன்.

சனிக்கிழமை.
மண்டாயில் மூன்றேகாலுக்குத் தகனம்.
எங்கள் அறையில் கடிகாரம் இல்லை.
மதியக் கணக்கெடுப்பு முடிந்ததிலிருந்து
விமானங்களை விரல்விட்டு எண்ணினான் அ லியோங்.
பதினெட்டாவது போனதும் "இப்ப" என்றான்,
அவனுக்குத் தெரிந்த ஏழெட்டுத் தமிழ்ச் சொற்களில் ஒன்று.

தர்மசீலன் எழுந்தான்.
ஒரே மகன். குடம் சுமக்க வேண்டியவன்.
மூன்று சுற்று, சுற்றுக்கு ஒரு துளை,
தோளில் நீர் வடிய வடிய நடக்க வேண்டியவன்.
அங்கே இந்நேரம்
அக்காள் மகனின் பத்து வயதுத் தோளில் அந்தக் குடம்.
இங்கே இருப்பது பிளாஸ்டிக் குவளை.
துளை போட ஆணி கிடையாது.

"உன் சாமி கோபிக்குமா?"
சபையில் கோபிப்பார்கள்.
சாமியைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை.
குழாயடியில் இரு கைகளையும் ஏந்தினேன்.
அவன் முன்னே, நான் பின்னே,
என் கைகள் அவன் இடத்தோளின் மேல்.
அ லியோங் பாய்களை ஒதுக்கி வழிவிட்டான்.
ஒன்பது எட்டு வைத்தால் ஒரு சுற்று.

எவ்வளவு இறுக்கினாலும் விரலிடுக்கில் ஒழுகியது.
ஒவ்வொரு சுற்றுக்கும் போய் நிரப்பி வந்தேன்.
மூன்றாவதில்தான் உறைத்தது:
என் ஆண்டவரே வந்து ஏந்தினாலும்
ஒழுகத்தான் செய்யும்.
ஆணி துளைத்த கைகள்.
எழுந்து வந்தபோதும்
அந்தத் துளைகளை அடைத்துக்கொள்ளாமல் வந்தவர்.

அவனிடம் சொன்னேன், தப்பும் தவறுமாக,
அவன் முதுகைப் பார்த்து.
தலையாட்டினானா நடுங்கினானா
தெரியவில்லை.

குடத்தைப் பின்னால் போட்டு உடைக்க வேண்டும்.
கைகளை விரித்தேன்.
மிச்ச நீர் சிமெண்டில் விழுந்தது,
உடைகிற சத்தம் ஏதுமில்லாமல்.
திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை.
அவன் திரும்பிப் பார்த்தான்.
என் கைகளைத்தான்.

மாலைக் கணக்கெடுப்பில்
தரையெல்லாம் ஏன் ஈரம் என்றார் அதிகாரி.
"கூரை ஒழுகுது சார்" என்றான் அ லியோங்.
அதிகாரி மேலே பார்த்தார்.
எங்களுக்கு மேல் இன்னும் மூன்று மாடி.
ஒன்றும் எழுதிக்கொள்ளாமல்
அடுத்த அறைக்குப் போனார்.