குறை: கரண்டி இரண்டு

பன்னிரண்டு மடக்கு நாற்காலி,
இரண்டு அண்டா, ஒரு பெட்ரோமாக்ஸ்.
குகையில் ஒரு பின்சந்து, தகரக் கூரை.
எண்பத்து மூன்று வைகாசியில்
அர்த்தநாரி பாத்திர வாடகை நிலையம்
அவ்வளவுதான்.

முதல் பணம் பாவாயியுடையது.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
ஊரார் கால் கொலுசுக்கெல்லாம் மெருகு போட்ட
இரண்டு வருஷக் கூலி.
பலகை எழுத வந்தவர்,
'வீட்டம்மா பேரும் போட்டுடலாமே' என்றாராம்.
'அவரு பேர்லயே பாதி நான்தானே,
ரெண்டு தடவ எதுக்கு?
எழுத்துக்கு எழுத்து காசு கேப்பீங்க.'

பாத்திரத்தில் மட்டும் 'அ.பா.' என்று வெட்டினார்கள்.
அந்தப் பா
பாத்திரமா பாவாயியா என்று
அவர் யாருக்கும் சொன்னதில்லை.

ராத்திரி வண்டி திரும்பியதும் அவள் எண்ணுவாள்.
சொம்பின் நசுங்கலைப் பார்த்தே
எந்தச் சம்பந்தி கோபித்துக்கொண்டு எழுந்தார் என்று
சொல்லிவிடுவாள்.
நோட்டின் கடைசி வரி
பெரும்பாலும் ஒன்றுதான்:
குறை, கரண்டி இரண்டு.

ஆடியில் முகூர்த்தமில்லை, மார்கழியிலும் இல்லை.
அந்த மாதங்களில் அடுப்பு எரிந்தது
சாவு வீட்டுப் பந்தலால்.
இருவருக்கும் தெரியும்.
இருவரும் பேசியதில்லை.

பிறகு ஓர் ஆடி. கிச்சிப்பாளையம்.
லாரி கிளீனர் பையன், பத்தொன்பது வயசு.
காரியம் முடிந்த மறுநாள்
நாற்காலி முப்பதும் திரும்பி வந்தன,
கழுவி, துடைத்து.
எந்தக் கல்யாண வீடும்
நாற்காலியைக் கழுவி அனுப்பியதில்லை.
பாவாயி தொகை எழுதாமல்
பேனாவை மூடினாள்.

ஒன்பது நாள் சண்டை.
'சாவு வீட்ட விட்டா
ஆடிக்கு என்னத்தத் திங்கறது?'
அவள் பதில் சொல்லவில்லை,
ரசத்தில் உப்பும் போடவில்லை.
பத்தாம் நாள் அவரே சாக்பீஸ் எடுத்து
கதவில் எழுதினார்:
துக்க வீட்டுக்கு வாடகை இல்லை.
வண்டிக்கூலி மட்டும்.

அதை விட
அன்றைக்கு அவருக்கு மனசில்லை.

கிடங்கு மூன்றானது.
கொண்டலாம்பட்டி பக்கம் மண்டபம் எழுந்தது.
சாக்பீஸ் எழுத்து பெயின்ட் எழுத்தானது.
வண்டிக்கூலி என்ற வரி
எந்த வருஷம் அழிந்தது என்று
கடைப் பையன்களுக்கும் தெரியவில்லை.

நான் அவர்களைப் பார்த்தது இதற்கெல்லாம் பிறகு.
பெரியாஸ்பத்திரியில் அக்கா.
வெளியே பிளாட்பாரத்தில்
பாலித்தீன் விரித்துப் படுத்திருந்தோம்
கூட வந்தவர்கள்.
நோயாளிக்குக் கட்டில் உண்டு,
காத்திருப்பவனுக்கு எந்த வார்டிலும் இடம் இல்லை.
எதிர்ச் சந்தில் அந்த மாசம்தான்
கூடம் ஒன்று திறந்தார்கள்:
நாற்பது கட்டில், வெந்நீர், காலையில் கஞ்சி.

திறப்பு விழாவுக்குக் கல்வெட்டுக்காரர்
பளிங்கோடு வந்து நின்றார்.
அர்த்தநாரிக்கு ஆசைதான்,
கை பளிங்கைத் தடவியபடியே இருந்தது.
பாவாயி சொன்னது எனக்குக் கேட்டது:
'திரும்பி வரணும்னுதாங்க
பாத்திரத்துல பேரு வெட்டறோம்.
இது திரும்பி வரவா?'

பளிங்கு வீணாகவில்லை.
பின்கட்டில் துணி துவைக்கும் கல்லாகப் போட்டார்கள்.
எழுத்தில்லாத பக்கம் எது என்று
தேட வேண்டியிருக்கவில்லை.

பதினோரு ராத்திரி அங்கே படுத்தேன்.
அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.
பையைப் பிரித்தால்
அவர்கள் டம்ளர் ஒன்று,
அவசரத்தில் வந்துவிட்டது.
புரட்டிப் பார்த்தேன், பெயர் இல்லை.

மறுவாரம் எடுத்துக்கொண்டு போனேன்.
பாவாயி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
நோட்டைப் புரட்டினாள், நிதானமாக,
ஏதோ பெரிய வழக்கு மாதிரி.
'டம்ளர்ல குறை இல்லையே தம்பி.
கரண்டிதான் ரெண்டு.'

உள்ளேயிருந்து அர்த்தநாரி குரல்:
'பொய் சொல்றா. நான் எண்ணினேன்.
குறை ஒன்பது.'