ஒரு திருகு மிச்சம்

லாமாராவின் கணினிக்கு வயது பதின்மூன்று.
தெலாவியில் அந்த வயதுப் பிள்ளைகள்
திராட்சைக் கூடையோடு மேடேறி ஓடுகிறார்கள்.
இதற்கு ஒரு மணப்பெண்ணைத் திறக்கவே
நாலு நிமிடம்.

முதலில் முக்காடு வரும்.
பிறகு நெற்றி.
மூக்கு வருவதற்குள்
காபி வைத்து, பொங்கவிட்டு,
அடுப்பைத் துடைத்தும் வந்துவிடுவாள்.

"புதுசு வாங்கு என்று மட்டும் சொல்லாதே மல்காஸ்.
புதுசு என்றால்
ஒரு பருவத்துக் கல்யாணம் மொத்தமும்."
நான் சொல்லவில்லை.

பக்கமூடியைக் கழற்றினேன்.
ஆறு திருகுகள், காபித் தட்டில்.
விசிறி முழுக்கச் சாம்பல்நிற ரோமம்.
பூனை எங்கே என்றேன்.
செத்து இரண்டு வருஷம் என்றாள்.
ஊதித் தள்ள இருந்தவன்
தூரிகையால் மெதுவாக எடுத்து
காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.
இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

நினைவகம் நாலு இருந்தது, எட்டாக்கினேன்.
அதற்கு மேல் அந்தப் பலகை தாங்காது.
சுழலும் வட்டை எடுத்துவிட்டுச்
சுழலாத ஒன்றைப் பொருத்தினேன்.
மென்பொருள் கிறுக்கிப் போடும் தற்காலிகக் குப்பைக்குத்
தனி மூலை.
கிராஃபிக்ஸ் அட்டையின் ஒத்தாசையை அணைத்தேன்
(உதவுகிறேன் பேர்வழி என்று
ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தது அதுதான்).
பெரிய படத்துக்குப் பதில்
சின்ன நகலை வைத்து வேலை பார்க்கச் சொன்னேன்.
கணினி கண்விழிக்கும்போதே
கூட எழுந்து வந்த பதினேழு நிரல்களை
கூப்பிட்டால் வந்தால் போதும் என்றேன்.

மணப்பெண் திறந்தாள்: பதினொரு நொடி.
காபி வைக்க எழுந்த லாமாரா
பாதி வழியில் நின்றாள்.

அத்தோடு கிளம்பியிருக்க வேண்டும்.
திபிலிசியில் இரவல் வாங்கிய நிறமானி
பையில் கிடந்தது.
சும்மாதான் திரைமேல் தொங்கவிட்டேன்,
கறுப்புச் சிலந்தி மாதிரி.
சிவப்பைப் பார்த்தது, பச்சையைப் பார்த்தது,
சாம்பல்களை ஒவ்வொன்றாக விசாரித்தது.
திரை மஞ்சள் என்றது.
எத்தனை நாளாக என்பது அதற்குத் தெரியாது.

திரையைச் சரிசெய்ததும்
படங்களில் எல்லாம் நீலம்.
இல்லாத மஞ்சளைக் கழுவுவதற்கு
அவள் ஊற்றி ஊற்றி வைத்த நீலம்.
மாமனார்களின் உதட்டில் குளிர்.
எங்கள் ஊர் ஒயின் தேன்நிறம்,
தோலோடு ஊறி மண்ணுக்குள் தாழியில் கிடப்பது.
கோப்பை கோப்பையாக வெறும் தண்ணீர்.
ஆறு வருஷம், இருநூற்றுச் சொச்சம் கல்யாணம்,
ஊரே தண்ணீரை உயர்த்திப் பிடித்து
வாழ்க வாழ்க என்றிருக்கிறது.
அற்புதம், தலைகீழாக.
ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை.

கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினாள்.
"இதில் மூணு ஜோடி பிரிஞ்சாச்சு.
அவங்களுக்கு நீலமே போதும்."
பிறகு, "உன்னுடையது எந்த ஃபோல்டர்?"

எங்கள் கூடத்தில் தொங்குகிறது அந்தப் படம்.
அன்றைக்கு மூட்டம் என்றுதான்
வருகிறவர்களிடம் சொல்லிவருகிறேன்.
அவள் நகர்த்தினாள், வெயில் வந்தது.
நாத்தேலாவின் தோளில், மேசைவிரிப்பில்,
என் இடது காதில்.
கோப்பையில் மெல்ல மஞ்சள் ஏறியது.
"இவ்வளவா? இன்னும் கொஞ்சமா?"
எனக்குத் தெரியவில்லை.
ஐந்து வருஷமாகச் சுவரைப் பார்த்துத்தான்
அந்த நாளை நினைத்துக்கொள்கிறேன்.

நாத்தேலாவுக்குப் போன் போட்டேன்.
நம் கல்யாணத்து ஒயின் என்ன நிறம்?
"நீ குடிச்ச வேகத்துக்கு
அதுக்கு நிறம் ஒரு கேடா?
வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா."

லாமாரா கொஞ்சம் கூட்டினாள்,
கொஞ்சம் குறைத்தாள்.
நான் மூடியை மாட்டினேன்.
ஆறு கழற்றினேன், ஆறு முடுக்கினேன்,
தட்டில் இன்னும் ஒன்று.
கணினி ஓடுகிறது.