பத்து ஓம்

பாயான் லெப்பாஸ், மூன்றாம் கட்டம், இரவு ஷிப்ட்.
புது லேபல் மிஷினுக்கு ஓர் எழுத்து மட்டும் தெரியவில்லை.
அது வரவேண்டிய இடத்தில்
காலிப் பெட்டியை அச்சடித்துவிட்டது
எழுநூற்றுப் பன்னிரண்டு சுருள்களிலும்.

10 □

பத்து என்ன என்று கேட்டு
வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
ஹூய் லிங் பார்த்துவிட்டுச் சிரித்தாள்:
"எங்கள் எழுத்தில் இது வாய்.
பத்து வாய். என் சம்பளம் அங்கேதான் போகிறது."

ஆளுக்கொரு கறுப்பு மார்க்கர் கொடுத்தார் என்சிக் ருஸ்லான்.
கையால் போடுங்கள்,
காலை ஏழுக்கு லோரி வந்துவிடும்.

Ω
மேலே வளைவு, கீழே இரண்டு பாதம்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
எல்லாரும் இதை ஓம், ஓம் என்றபோது
கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை எனக்கு.

நூறு தாண்டியதும் கை தானாகப் போட்டது.
மூன்று மணி இடைவேளையில்
மைலோவை ஆறவிட்டுக் கைப்பேசியில் தேடினேன்,
இவ்வளவு நேரம் வரைந்தது யாருடைய எழுத்தென்று.

கப்பல் வியாபாரிகள், பினீசியர்கள்,
மெய்யை மட்டும் எழுதினார்களாம்.
உயிரை, வாசிப்பவன்தான்
தன் வாயிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும்.
கடன் கணக்குக்கு அது போதும்.
கிரேக்கன் வாங்கிப் பார்த்தான்.
சில எழுத்துக்கு அவன் தொண்டையில் ஒலியே இல்லை.
தூக்கி எறியவில்லை.
மாட்டுத் தலையைத் திருப்பி வைத்து அ என்றான்.
வேலியாக இருந்தது, பிறகு, ஏ ஆனது.
கண்ணாக இருந்தது ஒ.
குறிலுக்குச் சரி, நெடிலுக்கு?
அயோனியக் கரையில் யாரோ ஒருவன்
அந்த வட்டத்தை அடியில் உடைத்து
இரண்டு முனையையும் வெளியே இழுத்துவிட்டான்.
ஓ.
வரிசை நிரம்பியிருந்தது.
கடைசியில் நிற்கவைத்தார்கள்.

வேலை போன எழுத்துகளும் உண்டு.
ஒன்று ஆறாக, ஒன்று தொண்ணூறாக,
எண்களில் மட்டும் பிழைத்துக்கொண்டனவாம்.
கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
40617.

கண் என்று சொன்னதும் ருஸ்லான் நிமிர்ந்தார்.
"ஐன்" என்றார், தொண்டையின் அடிவாரத்திலிருந்து.
"மாத்தா. கண். எங்கள் எழுத்திலும் அது இருக்கிறது,
சின்ன வயதில் ஒரு மாதம் ஆனது எனக்கு அது வர."
நானும் சொல்லிப் பார்த்தேன்.
வெறும் ஐதான் வந்தது.
கிரேக்கன் தொண்டை போலிருக்கிறது எனக்கும்.

"சும்மா ஒரு வட்டம் போட்டால் என்ன?"
ஹூய் லிங்குக்கு மணிக்கட்டு வலி.
போட்டுக் காட்டினேன்.
பத்துக்குப் பக்கத்தில் வட்டம்.
"நூறு" என்றாள். பிறகு ஒன்றும் பேசவில்லை.
உலகமே ஒரு சுழியத்துக்குப் பயந்து
பெரிய ஓவைக் கூப்பிட்டிருக்கிறது.

ஐந்தரைக்கு என் மார்க்கர் வறண்டது.
ஒரு சுருளில் பாதமே விழவில்லை,
லாடம் மாதிரி நின்றது.
"இதைப் பார்த்தால் குதிரை அனுப்பச் சொல்வார்கள்"
என்று திரும்பப் போடவைத்தார் ருஸ்லான்.

கடைசிப் பெட்டி. சரிபார்த்தவர் பெயர் என்று ஒரு கட்டம்.
யோகேஸ்வரி.
ஒரு ஓ, ஒரு ஏ, இரண்டும் நெடில்.
ஐசியில் உள்ள ரோமன் எழுத்துக்கு
அவற்றை எவ்வளவு நேரம் பிடித்திருப்பதென்று தெரியாது.
Y எழுதினேன்.
அடுத்த எழுத்தைக் கை தானாகப் போட்டுவிட்டது,
பாதங்களோடு.
அழிக்கவில்லை.

ஏழே கால்.
பஸ் டிரைவர் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார்:
"யொகெஸ்!"
இருக்கிறேன் என்றேன்.
கண் எரிந்தது.
பாலத்தின் நடுவில் மூடி
பிறை டோலில்தான் திறந்தது.